பயிற்சிக் கணக்கின் பிறப்பும் பயணமும்

கல்லூரிக் கணிதப் பாடநூல் எதைப் புரட்டினாலும் அத்தியாயத்தின் கடைசியில் பயிற்சிக் கணக்குகள் வரிசையாக நிற்கும். சுவரில் சாய்த்த ஏணி எந்தச் சாய்வில் வழுக்கும், சாய்தளத்தில் உருண்டு இறங்கும் கோளத்தின் முடுக்கம் எவ்வளவு என்று அவை கேட்கும். மாணவர் அவற்றைத் தனியே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார். வராத கணக்கை மறுநாள் ஆசிரியரிடம் கொண்டுபோவார். அதே சாயலில் இன்னொரு கணக்கைத் தேர்வுத் தாளில் சந்திப்பார். உயர்கணிதம் கற்பதற்கு இதைவிட்டால் வேறு வழியே இல்லை என்று தோன்றும் அளவுக்கு இந்த முறை பழகிவிட்டது. ஆனால் இதற்குப் பிறந்த இடமும் காலமும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ 150 ஆண்டுகளில் இது முழு வடிவம் பெற்றது.

கணக்குப் போட்டுக் கற்கும் வழக்கம் அதற்கும் வெகுவாக முந்தியது. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி கணக்குகளைக் கொண்டே பாடம் நடத்துகிறது. தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் பற்றிய கணக்குகளைச் செய்யுளில் சொல்கிறது. நுண்கணிதத்தையும் இயக்கவியலையும் நூற்றுக்கணக்கான கணக்குகள் வழியாகக் கைக்குப் பழக்கும் ஒழுங்குதான் கேம்பிரிட்ஜின் பங்களிப்பு. அந்த ஒழுங்கு வகுப்பறையைவிடத் தேர்வு மண்டபத்துக்கே அதிகம் கடன்பட்டது.

வாதத்திலிருந்து தாளுக்கு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற விரும்பியவர் லத்தீன் மொழியில் வாதாட வேண்டும். அவர் சில கருத்துகளை முன்வைப்பார். எதிர்வாதிகள் தடை சொல்வார்கள். நடுவர் இருந்து மதிப்பிடுவார். சிறந்து விளங்கியோருக்கு ஏற்பட்ட ‘ராங்ளர்’ என்ற பெயருக்கே வாதாடுபவர் என்றுதான் பொருள். முதலிடம் பெற்றவர் சீனியர் ராங்ளர். தேர்வுக்கு நிலைத்த ‘டிரைபோஸ்’ என்ற பெயரும் அந்த வாதச் சடங்கில் பயன்பட்ட முக்காலியிலிருந்து வந்ததே.

நியூட்டனின் பிரின்சிபியா 1687இல் வெளிவந்தது. அந்நூலின் கருத்துகள் பாடத்தில் வேரூன்றிய பிறகு வாய்வழி வாதம் போதவில்லை. ஒரு சமன்பாட்டின் பத்துப் படிகளை வாயால் சொல்லி வெல்ல முடியாது. அதைத் தாளில்தான் காட்ட முடியும். மாணவர் தொகை பெருகியபோது ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கவும் எழுத்தே வசதியாக இருந்தது. 1730இல் திறக்கப்பட்ட செனட் ஹவுஸ் மண்டபத்தில் தேர்வு நடந்தது. நூற்றாண்டின் நடுவில் தரவரிசைப் பட்டியல் அச்சாகத் தொடங்கியது. முதலில் நடுவர் கேள்வியை வாய்விட்டுப் படிப்பார், மாணவர் எழுதுவார். நூற்றாண்டின் இறுதியில் அச்சிட்ட கணக்குத் தாள்கள் வந்தன. 1769 முதல் ஸ்மித் பரிசுக்கான தேர்வு தனியாக நடந்தது.

தேர்வு எழுத்துக்கு மாறியதும் கேள்வியின் தன்மையும் மாறியது. நூலில் உள்ள நிறுவலைத் திருப்பி எழுதச் சொல்வது ஒரு வகை. அந்த நிறுவலின் வாலாகத் தொங்கும் ‘ரைடர்’ இரண்டாம் வகை. இதுவரை யாரும் பார்த்திராத ‘பிராப்ளம்’ மூன்றாம் வகை. மேலிடத்துக்குப் போட்டியிட்டவர்களைப் பிரித்துக் காட்டியது மூன்றாம் வகைதான். மனப்பாடம் அங்கே உதவாது. தெரிந்த விதியைத் தெரியாத இடத்தில் பொருத்தும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகவே பயிற்சிக் கணக்குகள் தேவைப்பட்டன.

பாடத்தை மாற்றிய கணக்குகள்

19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது கேம்பிரிட்ஜ் ஒரு தேக்கத்தில் இருந்தது. நுண்கணிதத்தை அது நியூட்டனின் புள்ளிக் குறியீட்டில் எழுதிவந்தது. ஐரோப்பாவின் மற்ற நாடுகள் லைப்னிட்ஸின் குறியீட்டைக் கொண்டு வெகுதூரம் முன்னேறியிருந்தன. 1812இல் சார்ல்ஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய இளைஞர்கள் பகுப்பாய்வுக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக் கணிதர் லக்ருவாவின் நுண்கணித நூலை 1816இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நூல் வந்துவிட்டால் பாடம் மாறிவிடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1817இல் நடுவர் பொறுப்பு பீகாக்குக்குக் கிடைத்ததும் அவர் புதிய குறியீட்டிலேயே கேள்வி கேட்டார். 1820இல் மூவரும் சேர்ந்து பயிற்சிக் கணக்குத் தொகுப்பு ஒன்றை இரண்டு பகுதிகளாக வெளியிட்டார்கள். தேர்வில் புதிய கேள்வி, கையில் அதற்கான பயிற்சி என்று இரண்டும் சேர்ந்தபோதுதான் மாணவர்கள் புதிய முறைக்கு வந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத்தையே பயிற்சிக் கணக்குகள் திசைதிருப்ப முடியும் என்பதற்கு இது முதல் பெரிய சான்று.

அடுத்த சில பத்தாண்டுகளில் தொகுப்பு நூல்கள் பெருகின. கோட்பாட்டு விசையியலுக்கென்றே வில்லியம் வால்டன் 1842இல் ஒரு கணக்குத் தொகுப்பு வெளியிட்டார். ஜோசப் வுல்ஸ்டன்ஹோம் தாமே ஆக்கிய ஏராளமான கணக்குகளை 1867இல் நூலாக்கினார். செனட் ஹவுஸ் தேர்வின் கேள்விகளும் விடைகளும் சில ஆண்டுகளில் தனி நூலாக வந்தன. நேற்றைய தேர்வுக் கேள்வி இன்றைய பயிற்சிக் கணக்காயிற்று. இன்றைய பாடநூல்களில் உள்ள கணக்குகளில் கணிசமானவை இந்த வழியில் வந்து சேர்ந்தவைதான்.

ஏணிக் கணக்கு

இந்தப் பயிற்சி மாணவருக்கு எதைக் கற்றுத் தந்தது என்பதை ஒரு கணக்கைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். வழவழப்பான சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருக்கிறது. தரை மட்டும் சொரசொரப்பானது. ஏணி வழுக்காமல் நிற்க அது தரையோடு குறைந்தது எவ்வளவு கோணத்தில் இருக்க வேண்டும்?

முதல் வேலை படம் போடுவது. ஏணியின் மீது செயல்படும் விசைகள் நான்கு. நடுவில் கீழ்நோக்கி எடை. அடியில் தரை மேல்நோக்கித் தரும் எதிர்விசை. அடியிலேயே சுவரை நோக்கி உராய்வு. உச்சியில் சுவர் கிடையாகத் தரும் எதிர்விசை. மேலும் கீழும் சமன் என்பதால் தரையின் எதிர்விசை எடைக்குச் சமம். கிடைத்திசையில் சமன் என்பதால் உராய்வு சுவரின் எதிர்விசைக்குச் சமம். ஏணி சுழலவில்லை என்பதால் அடியைப் பொறுத்துத் திருப்புத்திறன்கள் சமன். அடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைப்பழக்கம் தெரிகிறது: அங்கே செயல்படும் இரண்டு விசைகளுக்கும் திருப்புத்திறன் இல்லை, அவை தாமாகக் கழன்றுவிடும். மூன்று சமன்பாடுகளையும் சேர்த்தால், ஏணி நிற்க வேண்டுமானால் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு, 1ஐ உராய்வுக் குணகத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவதைவிடக் குறையக் கூடாது என்று கிடைக்கும். குணகம் 0.5 என்றால் கோணம் 45 பாகை. குணகம் 0.25 என்றால் 63 பாகைக்கும் சற்று மேல்.

விடையில் ஏணியின் எடையும் இல்லை, நீளமும் இல்லை. சீரான ஏணி மூங்கிலா இரும்பா, பத்தடியா இருபதடியா என்பது பொருட்டே அல்ல என்பதை மாணவர் தம் கையால் கண்டுபிடிக்கிறார். இதையே ஆசிரியர் சொல்லிக் கேட்டிருந்தால் அது ஒரு தகவலாகத் தங்கியிருக்கும். போட்டுப் பார்த்ததால் அறிவாகிறது. பயிற்சிக் கணக்கின் வலிமை முழுவதும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

பயிற்சியாளர்களின் காலம்

தேர்வு கடினமாக ஆக, கல்லூரி விரிவுரைகள் அதற்குப் போதாமல் போயின. அந்த இடத்தைத் தனிப் பயிற்சியாளர்கள் நிரப்பினார்கள். அவர்களில் முதல் பெரும்பெயர் வில்லியம் ஹாப்கின்ஸ். முப்பது வயதை ஒட்டிக் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்த அவர் 1827இல் ஏழாவது ராங்ளர் ஆனார். கல்லூரி ஆய்வாளர் பதவி அக்காலத்தில் மணமாகாதவர்களுக்கே உரியது, அவர் மணமானவர். ஆகவே தனிப் பயிற்சியே அவர் தொழிலாயிற்று. 1849 வரையிலான தம் மாணவர்களில் ஏறத்தாழ 200 பேர் ராங்ளர்கள், அவர்களில் 17 பேர் சீனியர் ராங்ளர்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. ஸ்டோக்ஸ், கேலி, பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன், மேக்ஸ்வெல் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

ஹாப்கின்ஸின் மாணவர் எட்வர்ட் ரவுத் இந்தத் தொழிலை அதன் உச்சிக்குக் கொண்டுபோனார். கனடாவின் கியூபெக்கில் பிறந்த அவர் 1854இல் சீனியர் ராங்ளர் ஆனார். அந்த ஆண்டின் இரண்டாம் ராங்ளர் மேக்ஸ்வெல். 1855 முதல் 1888 வரை 600க்கும் மேற்பட்டோர் ரவுத்திடம் பயின்றார்கள். அவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்ளர்கள். ரேலி, லார்மர், ஜே. ஜே. தாம்சன் ஆகியோர் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

ரவுத்தின் வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் இருப்பதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் பாடம். வகுப்பு முடிந்து போகும்போது கையில் கணக்குகள். மாணவர்கள் தம் அறையில் அவற்றைப் போட்டுக் கொண்டுவந்து தர வேண்டும். ரவுத் எழுதிய மாதிரி விடைகள் ஓர் அறையில் இருக்கும். மாணவர்கள் அங்கே போய் தம் வழியையும் அவர் வழியையும் ஒப்பிட்டு, படியெடுத்துக்கொள்வார்கள். வாரந்தோறும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணக்குத் தாள். மதிப்பெண் வரிசை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்படும். யார் எங்கே நிற்கிறார் என்பது தேர்வுக்கு வெகுமுன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டில் போட்ட கணக்கு, திருத்தம், மாதிரி விடை, வாரத் தேர்வு என்று இன்று எந்தக் கல்லூரியிலும் காணக்கூடிய சுற்று அந்த அறையில் முழுமை பெற்றது.

ரவுத் கற்பித்த முறைக்கு அவர் பெயராலேயே வழங்கும் ஒரு சிறு விதி நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அதன் நிலைமத் திருப்புத்திறன் சொல்லும். ஒவ்வொரு வடிவத்துக்கும் அதைத் தொகையிட்டுக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். ரவுத்தின் விதிப்படி, மையத்தின் வழியே செல்லும் சமச்சீர் அச்சைப் பொறுத்து அதைக் காண, அந்த அச்சுக்குச் செங்குத்தான அரை அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி நிறையால் பெருக்க வேண்டும். பிறகு, கம்பி, செவ்வகம், பெட்டி போன்றவற்றுக்கு 3ஆலும், வட்டத் தட்டு, நீள்வட்டத் தட்டு ஆகியவற்றுக்கு 4ஆலும், கோளம், நீள்கோளம் ஆகியவற்றுக்கு 5ஆலும் வகுக்க வேண்டும். ஆரம் 1 மீட்டர், நிறை 2 கிலோ உள்ள வட்டத் தட்டுக்கு, ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டால் பெருக்கினால் நான்கு, நான்கால் வகுத்தால் ஒன்று. ஒரு பக்கம் நிறைய எழுத வேண்டிய வேலை ஒரே வரியில் முடிகிறது. தேர்வு மண்டபத்தின் நெருக்கடி அறிந்தவர் ஆக்கிய விதி இது.

அந்த நெருக்கடி சாதாரணமானதல்ல. 1854ஆம் ஆண்டின் தேர்வில் 16 தாள்கள், 8 நாள்கள், மொத்தம் 44½ மணி நேரம், 211 கேள்விகள். 1860களில் ஒரு தேர்வில் 17,000 மதிப்பெண்ணுக்கு முதலிடம் பெற்றவர் 7,634 எடுத்தார்; இரண்டாம் இடத்துக்குக் கிடைத்தது 4,123. எல்லாக் கணக்கையும் யாரும் முடிப்பதில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரிவதும் தேர்ச்சியின் பகுதியாக இருந்தது. உடல் தளராமல் இருக்க மாணவர்கள் பிற்பகலில் நீண்ட நடையும் படகோட்டலும் மேற்கொண்டார்கள்.

கேள்வித் தாளில் பிறந்த அறிவியல்

தேர்வாளர்கள் பலர் ஆய்வாளர்களாகவும் இருந்தார்கள். தாங்கள் அப்போதுதான் கண்டறிந்ததைக் கேள்வியாக்கிக் கொடுத்தார்கள். இதில் மிகப் புகழ்பெற்றது 1854ஆம் ஆண்டின் ஸ்மித் பரிசுத் தேர்வு. மூடிய வளைகோடு ஒன்றைச் சுற்றி எடுக்கும் தொகையீடும், அதை விளிம்பாகக் கொண்ட பரப்பின் மீது எடுக்கும் தொகையீடும் எவ்வாறு சமமாகும் என்பதை நிறுவும்படி ஸ்டோக்ஸ் அந்தத் தாளில் கேட்டார். 1850இல் வில்லியம் தாம்சன் அவருக்கு எழுதிய கடிதத்தில் இருந்த முடிவு அது. இன்று உலகம் முழுவதும் ஸ்டோக்ஸ் தேற்றம் என்று வழங்குவது இதுவே. அந்தத் தேர்வை எழுதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் ரவுத்தும் மேக்ஸ்வெல்லும். 1873இல் வெளிவந்த மின்காந்தவியல் நூலில் மேக்ஸ்வெல் இந்தத் தேற்றத்தைப் பயன்படுத்தினார். ஒரு கேள்வித் தாளின் வரி, இருபது ஆண்டுகளுக்குள் இயற்பியலின் அடிப்படைக் கருவியாகிவிட்டது.

பெண்களுக்கு இந்தத் தேர்வு 1881இல்தான் முறைப்படி திறந்தது. பட்டம் அப்போதும் மறுக்கப்பட்டது. 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் சீனியர் ராங்ளரைவிட அதிக மதிப்பெண் பெற்றார். அவர் பெயர் சீனியர் ராங்ளருக்கு மேலே என்று படிக்கப்பட்டது. அந்தப் பட்டப்பெயர் மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்க 1948 வரை ஆயிற்று. பெண்களின் கணிதத் திறன் பற்றிய ஐயங்களுக்கு அந்தத் தாள்களே பதில் சொல்லிவிட்டன.

இந்தியாவுக்கு வந்த வழி

1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. கேம்பிரிட்ஜில் பயின்றவர்கள் எழுதிய பாடநூல்கள் இந்தியக் கல்லூரிகளுக்கு வந்தன. ஐசக் டாட்ஹன்டர், எஸ். எல். லோனி இருவரின் நூல்களும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கின. டாட்ஹன்டர் 1848இன் சீனியர் ராங்ளர். லோனி 1882இன் மூன்றாம் ராங்ளர். லோனியின் நூல்களில் சிறு விளக்கம், சில மாதிரிக் கணக்குகள், அதைத் தொடர்ந்து நீண்ட பயிற்சி வரிசை, கடைசியில் விடைகள் என்ற அமைப்பு நிலைபெற்றது. இந்திய மாணவர்களும் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். 1874இல் ஆனந்த மோகன் போஸ் முதல் இந்திய ராங்ளர் ஆனார். 1899இல் ஆர். பி. பராஞ்சபே சீனியர் ராங்ளர் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த மரபின் மிக வியப்பூட்டும் விளைவு கும்பகோணத்தில் நிகழ்ந்தது. பள்ளி நாள்களிலேயே லோனியின் முக்கோணவியலை முடித்துவிட்ட ராமானுஜனுக்கு, 1903 வாக்கில் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் எழுதிய கணித முடிவுகளின் தொகுப்பு கிடைத்தது. கார் லண்டனில் மாணவர்களை டிரைபோஸ் தேர்வுக்குத் தயார்செய்தவர். ஆயிரக்கணக்கான முடிவுகள் எண் இட்டு வரிசையாக நிற்கும் அந்த நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கம். பல இடங்களில் இல்லவே இல்லை. பயிற்சியாளர் அருகில் இருந்து விளக்குவதற்காக அமைந்த நூல் அது. கும்பகோணத்தில் அப்படி விளக்க யாரும் இல்லை. ராமானுஜன் ஒவ்வொரு முடிவையும் ஒரு பயிற்சிக் கணக்காகவே எடுத்துக்கொண்டு தாமே நிறுவினார். தாள் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். நூலின் முடிவுகள் தீர்ந்த இடத்தில் அவருடைய சொந்த முடிவுகள் தொடங்கின.

1907இல் வி. ராமசாமி ஐயர் தொடங்கிய அமைப்பே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. அதன் இதழ் வாசகர்களுக்குக் கணக்குகள் விடுத்து, விடைகளை வெளியிட்டது. 1911இல் ராமானுஜன் அதில் ஒரு கணக்கு விடுத்தார். ஒன்றோடு, இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலம். அதற்குள் ஒன்றோடு, மூன்று மடங்கு இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் நான்கு மடங்கு. இப்படி முடிவில்லாமல் போகும் தொடரின் வர்க்கமூலம் என்ன? பல மாதங்கள் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. விடை 3. மூன்று என்பது ஒன்பதின் வர்க்கமூலம். ஒன்பது என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் 4. அந்த நான்கு, 1 கூட்டல் 3 பெருக்கல் 5 என்பதன் வர்க்கமூலம். அந்த ஐந்து, 1 கூட்டல் 4 பெருக்கல் 6 என்பதன் வர்க்கமூலம். பள்ளி மாணவருக்கும் எட்டும் படிகள்தாம். ஆனால் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று முதலில் ஒருவர் காண வேண்டும்.

தரவரிசையின் முடிவும் கணக்கின் தொடர்ச்சியும்

ராமானுஜனை உலகுக்கு அறிமுகம் செய்த ஜி. எச். ஹார்டிதான் டிரைபோஸ் முறையை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். 1898இல் நான்காம் ராங்ளரான அவருக்கு, வேகத்துக்கும் தந்திரத்துக்கும் மதிப்பளிக்கும் அந்தப் பயிற்சி இளம் கணிதர்களின் சிறந்த ஆண்டுகளை வீணாக்குவதாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் வளர்ந்துவந்த தூய கணிதம் கேம்பிரிட்ஜுக்கு எட்டாமல் போனதற்கும் அதையே காரணமாகக் கண்டார். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. தேர்வுக்காக ஆக்கிய கணக்குகள் பல, தேர்வுக்கு வெளியே பொருளற்றவை. சீர்திருத்தம் நிறைவேறி, 1909ஆம் ஆண்டுடன் தரவரிசை அறிவிப்பு நின்றது. அந்தக் கடைசிப் பட்டியலின் இரண்டாம் ராங்ளர் இ. எச். நெவில், 1914இல் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்தபோது ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரும்படி இசையவைத்தார்.

வரிசைப் பட்டியல் போனபின்னும் கணக்கு போகவில்லை. கேம்பிரிட்ஜில் மாணவர்கள் கணக்குத் தாளைப் போட்டுக்கொண்டு, ஒருவர் இருவராக ஆசிரியரிடம் சென்று விவாதிக்கும் முறை இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டின் இளங்கலைக் கணித வகுப்புகளில் எம். கே. வெங்கட்ராமனின் நிலையியல், இயக்கவியல் நூல்களும், பி. துரைப்பாண்டியனின் விசையியல் நூலும் அதே அமைப்பில் பயிற்சி தருகின்றன. பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிப்போர் லோனியின் நூல்களை இன்னும் வாங்குகிறார்கள். போட்டிக்காகப் பிறந்த பயிற்சிக் கணக்கு, போட்டி ஓய்ந்த இடங்களிலும் நீடிப்பதற்குக் காரணம் ஏணிக் கணக்கிலேயே இருக்கிறது. படம் போட்டு, விசைகளைக் குறித்து, எந்தப் புள்ளியைப் பொறுத்துத் திருப்புத்திறன் எடுப்பது என்று தாமே முடிவுசெய்யும்போதுதான் நியூட்டனின் விதிகள் மாணவருக்குச் சொந்தமாகின்றன.